அகப்பக்கம் ஏன் ஆமை வேகத்தில் திறக்கிறது?

பெக்கான் நானாஸ் என்றாலே அன்னாசிதான். இங்கே அன்னாசி ஜாம் விற்கும் முன்னாள் மாணவர் ஒருவர், "டீச்சர், கடைப் பக்கம் திறக்கிறதுக்குள்ள ஆளுங்க போயிடுறாங்க. தமிழ்ல எழுதினதாலயா?" என்று கேட்டார்.

தமிழ்மேல் பழி போட வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஆயிரம் குறியீடுகள் எழுதினாலும் 3 கிலோபைட்தான். கைப்பேசியில் எடுத்த ஒரே படம் 3 மெகாபைட் என்றால், அதைவிட ஆயிரம் மடங்கு!

செய்ய வேண்டியவை:

1. 4000 × 3000 புள்ளிகள் கொண்ட படத்தை 1200 × 900 ஆகச் சுருக்குங்கள். புள்ளிகள் பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்.
2. படத்தை வெப்பி வடிவில் சேமியுங்கள்.
3. கீழே உள்ள படங்கள், வாசகர் அங்கே வரும்போது மட்டும் இறங்கட்டும். இதுதான் லேசி லோடிங்.
4. தமிழுக்கு ஒரே எழுத்துரு போதும்.

பக்கத்தின் முதன்மைப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகள் வைத்திருக்கும் அளவு.

ஆசிரியர்களே, நம் பயிற்றிகளுக்கும் இதே கதைதான். படம் பிடித்து அனுப்பாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ப்ரிபெய்ட் டேட்டாவில் படிக்கும் எஸ்.பி.எம். மாணவருக்கு அதுவே பெரிய உதவி.