இலவச டோக்கனுக்கு ஏது விலை?

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிரே விஷ்ணு நிவாசம். பேருந்து நிலையத்தின் அருகே ஸ்ரீநிவாசம். அலிபிரியில் பூதேவி வளாகம். ஏழுமலையானைக் கட்டணமின்றிச் சேவிக்க விரும்பும் அன்பர்கள் இரவிலேயே வந்து வரிசையில் அமர்ந்துவிடும் இடங்கள் இவை. ஆதார் அட்டையைக் காட்டினால், தரிசன நேரம் குறித்த சர்வ தரிசன டோக்கன் கிடைக்கும். ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை.

அதையே சிலர் விற்கிறார்கள். அன்றைய ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று கேட்டு, வயதான தாயாரோடும் கைக்குழந்தையோடும் திகைத்து நிற்கும் குடும்பத் தலைவரின் காதருகே, “தலைக்கு இவ்வளவு கொடுங்கள், இன்றைக்கே பார்த்துவிடலாம்” என்பார் ஒருவர். இனாமாகக் கிடைத்ததை விற்றால் சட்டத்துக்கு என்ன வந்தது என்றுகூட அவர் கேட்பார்.

டோக்கன் ஒரு பொருளன்று. இன்னார் இன்ன நேரத்தில் வரிசைக்குள் வரலாம் என்று தேவஸ்தானம் அளிக்கும் அனுமதி அது. அவருடைய ஆதாரோடு பிணைந்தது. பிறருக்கு மாற்றித் தர இயலாதது. ஆகவே விற்பதற்கு அவர் கையில் ஒன்றுமே இல்லை. செல்லாது எனத் தெரிந்தும், செல்லும் என்று நம்பவைத்துப் பணம் பெற்றால், அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு கூறும் மோசடி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள அச்சட்டத்தின் 112ஆம் பிரிவு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. கும்பலைச் சேர்ந்தவர்கள் செய்யும் சிறு குற்றங்களுள், அனுமதியின்றி டிக்கெட் விற்பதையும் அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறையும், அபராதமும் உண்டு. டிக்கெட் இலவசமா, கட்டணமுள்ளதா என்று அப்பிரிவு வேறுபடுத்தவில்லை.

வாங்குபவருக்கும் ஆபத்து உண்டு. பிறர் பெயரைத் தம் பெயராகக் காட்டி நுழைய முயன்றால் ஆள்மாறாட்டம் என்ற குற்றச்சாட்டு எழலாம். சித்தப்பா வரவில்லை, அவர் டோக்கனில் மாமா போகட்டும் என்று வீட்டுக்குள்ளேயே மாற்றிக்கொள்வதில் லாப நோக்கம் இல்லைதான். ஆனாலும் சோதனையில் அது செல்லாது.

2025 ஜனவரி 8 அன்று, வைகுண்ட துவார தரிசனத்தின் இலவச டோக்கனுக்காகத் திருப்பதியில் கூடியவர்களில் ஆறு பேர் நெரிசலில் சிக்கி உயிரிழந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்றவரும் அவர்களுள் உண்டு. தரகர் விலை பேசுவது இத்தகைய வரிசையில் நிற்பவர்களின் இடத்தைத்தான். கோயில் உண்டியலில் கைவைப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குடும்பத் தலைவர் தரகரை நாட வேண்டிய அவசியமே இல்லை. சாதாரண நாட்களில் டோக்கன் இல்லாதவர்களும் திருமலையில் வைகுண்டம் வரிசை வளாகத்தின் வழியே சர்வ தரிசனத்துக்குச் செல்லலாம். நேரம் கூடுதலாகும், காத்திருக்கும் கூடங்களில் உணவும், குழந்தைகளுக்குப் பாலும் தருகிறார்கள். 65 வயது நிறைந்த தாயாருக்கு முதியோருக்கான இலவச ஒதுக்கீடு தனியே உண்டு. அதைத் தேவஸ்தானத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே பதிவுசெய்ய வேண்டும். குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லையெனில், பெற்றோர் அதனுடன் சுபதம் வழியே கட்டணமின்றிச் செல்லலாம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பெற்றோரின் ஆதார் அட்டைகளையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.