தராசு யாருடையது?

மலேசியாவில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவன் நான். கொழுந்து நிறுக்கும்போது அனுபவப்பட்ட பெண்கள் முதலில் தராசைத்தான் சரிபார்ப்பார்கள், எடை அப்புறம். "பொய்ப் பிரசாரத்தை முறியடிக்கிறோம்" என்று சொல்லும் செய்தித் தளங்களையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்று இங்குள்ள இளையவர்களிடம் சொல்லி வருகிறேன். நம் நாட்டிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது.

2015 பிப்ரவரியில், கிளேர் ரியூகாசல் பிரவுன் லண்டனிலிருந்து நடத்திய 'சரவாக் ரிப்போர்ட்', அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் நிதி முறைகேட்டை மின்னஞ்சல்களையும் ஆவணங்களையும் காட்டி எழுதியது. அதே ஆண்டு ஜூலை 19 அன்று அரசு அமைப்பான மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அந்தத் தளத்தை முடக்கியது. அதே ஆணையம்தான் 2017 மார்ச்சில் 'செபெனார்ஞா' என்ற உண்மை சரிபார்ப்புத் தளத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு மார்ச்சில், அரசு உறுதிப்படுத்தாத 1எம்டிபி செய்தியெல்லாம் பொய்ச் செய்தி என்றார் ஒரு துணையமைச்சர். ஏப்ரலில் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் வந்தது: 6 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம்.

மே 9 தேர்தலில் ஆட்சி மாறியது. அந்த மாதமே 'சரவாக் ரிப்போர்ட்' மீதான முடக்கம் நீங்கியது. 2020 ஜூலை 28 அன்று, 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியின் 42 மில்லியன் ரிங்கிட் தொடர்பான வழக்கில், அந்தத் தேர்தலில் ஆட்சியிழந்த முன்னாள் பிரதமர் நஜிப் குற்றவாளி என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே அரசுத் தளத்தை ஒதுக்கிவிடலாமா? கூடாது. மோசடிக் குறுஞ்செய்தி, மருந்து வதந்தி போன்றவற்றுக்கு அது உதவும். ஆனால் அரசே சம்பந்தப்பட்ட விவகாரத்தில் அரசின் சொல் ஒரு தரப்பின் சொல்தான்.

அதிகாரத்தை எதிர்ப்பதாலேயே, சுயேச்சை என்று சொல்லிக்கொள்வதாலேயே ஒரு தளம் நேர்மையானது ஆகிவிடாது. 2019 நவம்பரில் ஐரோப்பாவின் 'டிஸ்இன்ஃபோலேப்' அமைப்பு, 65க்கும் மேற்பட்ட நாடுகளின் உள்ளூர்ச் செய்தித் தளங்களைப் போல் வேடமிட்ட 265 தளங்கள் ஒரே வலையமைப்பைச் சேர்ந்தவை என்று அம்பலப்படுத்தியது. அவற்றில் சில, என்றோ நின்றுபோன பத்திரிகைகளின் பெயரைச் சூடியிருந்தன.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கவனித்த ஒன்று நமக்கும் கைகொடுக்கும். தேர்ந்த சரிபார்ப்பாளர்கள் ஒரு தளத்தின் அழகில் நேரம் கழிப்பதில்லை. உடனே வெளியே வந்து, அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடுகிறார்கள்.

நீங்களும் தேடுங்கள். தளத்தை நடத்துபவர் பெயர் இருக்கிறதா? பணம் எங்கிருந்து வருகிறது? மூல ஆவணத்தைக் காட்டுகிறார்களா? தவறு நேர்ந்தால் வெளிப்படையாகத் திருத்துகிறார்களா? தங்களுக்குப் பிடித்த தரப்பின் பொய்யை ஒருமுறையாவது சுட்டிக்காட்டியிருக்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பல தளங்கள் தோற்கும். பதில் கிடைக்கும்வரை அந்தத் தளத்தின் செய்தியை வாட்ஸ்அப்பில் பகிராதீர்கள்.