இது என்ன சாமான்? பழைய பொருளைப் படம் பிடித்து அறியும் முறை

சித்தன்னவாசலுக்கு வருகிறவர்கள் அறிவர் கோயில் விதானத்தில் உள்ள தாமரைக் குளத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதே புதுக்கோட்டை மாவட்டத்துப் பழைய கண்மாய்களுக்குள் நிற்கும் இரட்டைக் கல்தூண்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. தூர்வார வரும் பொக்லைன் ஓட்டுநருக்கு அது வழியில் நிற்கும் வெறும் கல். ஒரு தட்டுத் தட்டினால் சாய்ந்துவிடும். இது என்னன்னு தெரிந்த ஒருவர் கரையில் நின்றால் அந்தக் கல் பிழைக்கும்.

களத்து மூலையில் கிடக்கும் இரும்புக்கும் இதே கதைதான். கிலோ என்ன விலைன்னு கேட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போன பிறகு, அது என்ன சாமான் என்று தெரிந்து பயனில்லை. இன்றைக்கு எல்லார் கையிலும் கைபேசி இருக்கிறது. ஒழுங்காக நாலு படம் எடுத்தாலே பாதிப் பொருட்களை அடையாளம் கண்டுவிடலாம்.

கண்மாய்க்குள் நிற்பது என்ன?

கரையிலிருந்து சற்றுத் தள்ளி, நீர் நிற்கும் இடத்தில் இரண்டு கல்தூண்கள். இடையில் குறுக்காகப் பலகைக் கற்கள், அவற்றின் நடுவில் துளை. இதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்குக் கீழே மண்ணுக்குள் ஒரு கல்தொட்டி இருக்கும். தொட்டியின் மூடுகல்லில் உள்ள பெரிய துளை நீரோடித் துளை. தொட்டியின் அடிப்பக்கம் உள்ள சிறிய துளைகள் சேறோடித் துளைகள். மேலே உள்ள குறுக்குக்கல் துளைகள் வழியாக இறங்கும் தண்டின் நுனியில் அடைப்பு இருக்கும். கண்மாய் நிறைந்திருக்கும்போது ஒருவர் நீந்திப் போய்த் தண்டைத் தூக்குவார். தண்ணீர் மேல்துளை வழியாக வேகமாகத் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் சுருங்கை வழியே வயலுக்கு ஓடும். அந்த இழுப்பில் அடித்துளைகள் வழியாகச் சேறும் சேர்ந்து போகும்.

கண்மாயும் தூராது, வயலுக்கும் வண்டல் சேரும். தண்ணீரோடு எருவையும் பாய்ச்சிய அமைப்பு இது. நாம் இன்றைக்கு வண்டிவைத்து அள்ளிப் போடும் வண்டலை, அன்றைக்குத் தண்ணீரே சுமந்து வந்தது. அதனால்தான் தூண் எங்கே நிற்கிறது என்று தூர்வாருவதற்கு முன்பே படம் எடுத்து, கரையிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, ஊர்க் கூட்டத்தில் காட்டி வைக்க வேண்டும். தூணில் எழுத்து இருந்தால் சுரண்டக் கூடாது, பெயிண்ட் பூசக் கூடாது. காலை ஏழு மணி அல்லது மாலை ஐந்து மணிச் சாய்வெயிலில் எடுத்தால் எழுத்து நிழலோடு எழும்பித் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது.

படம் எடுக்கும்போது

1. தூரத்தில் நின்று ஒரு படம். பொருள் எந்த இடத்தில் கிடக்கிறது, பக்கத்தில் கிணறா, களமா, கண்மாயா என்பது தெரிய வேண்டும். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.
2. நாலு பக்கமும், அடிப்பக்கமும் தனித்தனியே. அடியைப் புரட்டிப் பார்க்காமல் எடுத்த படம் அரைப் படம்.
3. பக்கத்தில் ஓர் அளவுகோல் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு ரூபாய்க் காசு. கையை வைத்தால் ஆளுக்கு ஆள் அளவு மாறும்.
4. தேய்ந்த இடத்தைக் கிட்டத்தில் எடுங்கள். கயிறு ஓடியதா, மாட்டுக் கழுத்து உரசியதா, கை பிடித்ததா என்பதைத் தேய்மானம் சொல்லிவிடும்.
5. எழுத்து, எண், முத்திரை இருந்தால் துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியை லேசாகத் தடவி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழுத்தும் போய்விடும்.

தேய்மானம் சொல்லும் சேதி

கிணற்று மேட்டில் கிடக்கும் உருளையின் நடுவில் ஆழமான பள்ளம் இருந்தால், கமலையில் மேலே இருந்து வடம் ஓடிய உருளை அது. நீளமாக, மேலோட்டமாகத் தேய்ந்த உருட்டுக்கட்டை என்றால், கீழே வால்கயிறு ஓடியது. அடிப்பக்கம் திறந்த இரும்புச் சாலின் வாயைச் சுற்றித் துளைகள் இருந்தால், தோல் வாலைச் சேர்த்துக் கட்டிய இடம் அது.

கல்லிலும் குழப்பம் வரும். நடுவில் ஆழக் குழி உள்ள ஒற்றைக் கல் என்றால் செக்கு. தரையில் வட்டமான வாய்க்கால் போல இருந்து, அதில் கல்சக்கரம் உருண்டிருந்தால் அது செக்கு இல்லை, வீடு கட்டச் சுண்ணாம்புக் காரை அரைத்த இடம்.

இரண்டு பெரிய பறக்கும் சக்கரம் வைத்த கனமான ஆயில் இன்ஜின் கிடந்தால் முதலில் தகட்டைத் தேடுங்கள். இங்கிலாந்தின் லிஸ்டர் கம்பெனி 1929ல் கொண்டுவந்த சி.எஸ். வகை இந்தத் தோற்றம் கொண்டது. நிமிடத்துக்கு 600, 650 சுற்றுதான் ஓடும். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் இதே வடிவத்தில் ஏராளமாகச் செய்து விற்றன. ஆகவே பார்வைக்கு லிஸ்டர் போல இருப்பதெல்லாம் லிஸ்டர் ஆகாது, தகடுதான் சாட்சி. வகை தெரிந்துவிட்டால் உதிரி பாகம் தேட வழி பிறக்கும். தகடு இல்லையா? போல்ட்டில் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். மில்லிமீட்டர் ஸ்பேனர் எதுவும் சரியாக உட்காராமல் அங்குலக் கணக்கு உட்கார்ந்தால், அது பழைய விட்வொர்த் மரையாக இருக்கலாம். 1841ல் வகுக்கப்பட்ட அளவு அது.

பித்தளை, இரும்புப் படிகளில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1956ல் எடை அளவுச் சட்டம் வந்து கிலோவும் லிட்டரும் புழக்கத்துக்கு வந்தன. எட்டு ஆழாக்கு ஒரு படி. மரக்கால் கணக்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டு மரக்காலில் தண்ணீர் ஊற்றி லிட்டரில் அளந்து எழுதி வையுங்கள். 'இத்தனை மரக்கால் விதைப்பாடு' என்று தாத்தா சொன்ன நிலத்துக்கு எவ்வளவு விதை போட்டார் என்பது அப்போதுதான் விளங்கும். பாரம்பரிய நெல் விதைக்கிறவர்களுக்கு இது உதவும் கணக்கு.

உழும்போது தட்டுப்பட்டால்

சித்தன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் பெருங்கற்காலத்துக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும் உள்ளன. ஏர்முனையில் பெரிய தாழியின் விளிம்போ, கருப்பும் சிவப்புமான ஓடோ தட்டினால் தோண்டி எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள் கிடைக்கும் பழம்பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ம் ஆண்டுப் புதையல் சட்டம். மத்தியத் தொல்லியல் துறைச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்கும் புதிய தோண்டலுக்கும் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற வேண்டும். கிணறு வெட்டும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்த படத்தை முதலில் ஊரில் எண்பது வயதுக்காரரிடம் காட்டுங்கள். கமலை இறைத்தவருக்கும், வடம் திரித்தவருக்கும், ஆசாரிக்கும் படத்தைப் பார்த்தவுடன் பெயர் வாயில் வரும். அவர் சொல்லும் ஊர்ச்சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். பிறகு திருக்கோகர்ணத்தில் உள்ள புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் முதல் வேலை ஊருக்குள்தான். இரும்பு இன்னும் பத்து வருஷம் அப்படியே கிடக்கும். பெயர் தெரிந்த மனிதர் அதுவரை இருப்பார் என்று சொல்ல முடியாது.