இருமத் தெம்பு இல்லாதவர்களுக்கு இருமல்



இருமல் வந்தால் அதை நிறுத்த மருந்து தேடுகிறோம். இருமல் வரமாட்டேங்குதே என்று தவிக்கிறவர்களும் உண்டு. தசைச்சிதைவு போன்ற நோய்களால் தசை தளர்ந்தவர்களுக்கு ஒரு சாதாரண ஜலதோஷமே உயிருக்கு உலை வைத்துவிடும். எங்க கடியப்பட்டணத்துல, எங்க தெருவிலேயே ஒரு தம்பி இருக்கான். சளி பிடிச்சா நெஞ்சுக்குள்ள கர்ர் கர்ர்னு சத்தம் கேக்கும், துப்ப முடியாது. அவன் அம்மை நெஞ்சுல தைலம் தேய்ச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பாவ. அந்த வீட்டுக்காக விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். எங்க வீட்டுல மருத்துவம் படிச்சவங்க யாரும் கிடையாது. அதனால் நமக்குத் தெரிந்த மெக்கானிக்கல் பாஷையிலேயே சொல்கிறேன்.

இருமல் என்பது ஒரு பம்பு வேலை. முதலில் சுமார் இரண்டரை லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். பிறகு குரல்வளை வாசல் 0.2 விநாடி மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் வயிற்றுத் தசையும் விலாத் தசையும் இறுக, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வாசல் சட்டென்று திறந்ததும் காற்று சளியைத் தள்ளிக்கொண்டு பாய்கிறது. நல்ல உடம்புள்ள பெரியவர்களுக்கு இந்தப் பாய்ச்சல் நிமிஷத்துக்கு 360 லிட்டருக்கு மேல் இருக்கும். 270க்குக் கீழே போனால் சளிக்காலத்தில் ஆபத்து. 160க்கும் கீழே என்றால் இருமியும் பிரயோஜனம் இல்லை. ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் இருமச் சொல்லியே இதை அளந்துவிடலாம்.

இந்த நோயாளிகளுக்குப் பெரும்பாலும் நுரையீரலில் குறை இல்லை. பம்புதான் பலவீனம். ஆகவே பம்புக்கு வெளியிலிருந்து கை கொடுக்க வேண்டும்.

ஆம்புலன்ஸில் பார்த்திருப்பீர்களே, கையால் அமுக்கும் ஆம்பு பை, அதை வைத்து மூச்சின் மேல் மூச்சு அடுக்கலாம். ஒரு தடவை காற்றை உள்ளே விட்டு, வெளியே விடாமல் பிடித்து, அதன்மேல் இரண்டாவது, மூன்றாவது. இடையில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் காற்று திரும்பாது. நெஞ்சு நிறைந்ததும், உதவிக்கு இருப்பவர் தொப்புளுக்கு மேலே, விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, நோயாளி இரும முயலும் அதே நொடியில் உள்ளும் மேலுமாக அழுத்தவேண்டும். நேரம் தப்பினால் பலனில்லை; "ஒண்ணு, ரெண்டு, மூணு, இருமு" என்று சொல்லிச் செய்வது நல்லது. சாப்பிட்டவுடன் செய்யக்கூடாது. விலா முறிவு, நுரையீரலில் ஓட்டை என்றால் தொடவே கூடாது. ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் பழகாமல், இதைப் படித்துவிட்டு யாரும் செய்து பார்க்க வேண்டாம்!

இதற்கு மிஷினும் உண்டு. 1950களில் அமெரிக்காவில் போலியோ பரவியபோது உருவான யோசனை இது. பிறகு மறந்துபோய், 1993ல் புது உருவத்தில் விற்பனைக்கு வந்தது. முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளி, உடனே திருப்பி உறிஞ்சும். சாதாரணமாக வைக்கும் அழுத்தம் 40 செ.மீ. தண்ணீர் உயரம், உறிஞ்சும்போதும் அதே அளவு. நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபில் இருக்கிற யு-ட்யூபில் அளந்துவிடக்கூடிய அழுத்தம்! சைக்கிள் ட்யூப் காற்றோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இவ்வளவு எளிய தத்துவத்துக்கு சாதாரணக் குடும்பம் வாங்க முடியாத விலை சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இன்ஸ்ட்ருமென்டேஷன் நண்பர்கள் கவனிக்கவும்.

சேலத்தில் தசைச்சிதைவு கொண்ட சகோதரிகள் வானவன் மாதேவியும் இயல் இசை வல்லபியும் ஆதவ் அறக்கட்டளை தொடங்கி, தங்களைப் போன்றவர்களுக்காக உழைத்தார்கள். இப்படி ஒரு நோய் இருப்பதே அவர்களால்தான் பலருக்குத் தெரிய வந்தது.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இரண்டு விஷயம். இருமலை அடக்கும் சிரப்பை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இருக்கிற கொஞ்ச இருமலும் போய்விடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 95க்குக் கீழே இறங்கினால், பெரும்பாலும் சளி அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் சளி வெளியே வராது. உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய், தசை நோய் இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.