வெயில் மயக்கம்: நாற்காலியும் தண்ணீரும் போதாத வேளை

கோடை நண்பகலில் எங்கள் கிளைகளுக்குள் நுழையும் வாடிக்கையாளர் சிலர், குறிப்பாக ஓய்வூதியர், "தலை சுற்றுகிறது" என்று கூறி அமர்வதுண்டு. பெரும்பாலும் ஒரு நாற்காலியும் ஒரு குவளைத் தண்ணீரும் போதுமானவை. போதாத வேளை எது என்பதை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

மிகுந்த வியர்வை, களைப்பு, தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு ஆகியவை வெப்பச் சோர்வின் அறிகுறிகள். அவரை நிழலில் படுக்கவைத்து, ஆடையைத் தளர்த்தி, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகச் செய்தால் அரை மணி நேரத்தில் தெளிவடைவார். தெளியாவிடில் மருத்துவரை நாட வேண்டும்.

வெப்பவாதம் எனப்படும் ஹீட் ஸ்ட்ரோக் வேறு. இதில் உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியசையும் கடந்து மூளையைப் பாதிக்கிறது. எனவே இதன் முதன்மையான அடையாளத்தைத் தோலில் தேடுவதைவிடப் பேச்சில் தேடுவதே சரி. பெயரையும் ஊரையும் கேளுங்கள். விடை குழறினாலும், பொருந்தாமல் இருந்தாலும், காரணமின்றிச் சினந்தாலும், நடை தள்ளாடினாலும் அது அவசர நிலையே. வலிப்பும் நினைவிழப்பும் வரும்வரை காத்திருத்தல் கூடாது. வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகின்றனர். வெயிலில் கடுமையாக உழைப்போருக்கு வியர்வை வழியும்போதே வெப்பவாதம் வரக்கூடும்.

உடனே 108 அல்லது 112 எண்ணை அழையுங்கள். ஆம்புலன்ஸ் வருமுன்னரே உடலைக் குளிர்விக்கத் தொடங்குங்கள். இங்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் வரும். உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் வையுங்கள். சுற்றி நிற்போர் அன்பின் மிகுதியால் சோடாவைப் புகட்ட முற்படுவர். நினைவு குழம்பியவருக்கு அது மூச்சுக்குழாயில் புகக்கூடும் என்பதால் தடுத்துவிடுங்கள். இது காய்ச்சல் அன்று; பாரசிட்டமால் பயன் தராது.

2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 டிகிரியை எட்டியது, உயிரிழப்புகள் மிகுந்தன. அதன் விளைவாக 2013-இல் அம்மாநகராட்சி வெப்பச் செயல்திட்டத்தை வகுத்து, முன்னெச்சரிக்கை விடுப்பதோடு, அறிகுறிகளைப் பொதுமக்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் கற்பித்தது.

முதியோரும், நீரிறக்கி மாத்திரை உட்கொள்வோரும் கூடுதல் கவனத்துடன் இருத்தல் நலம். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், கோடைக்குமுன் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். 70 வயதைக் கடந்தோருக்கு இல்லம் தேடிவரும் வங்கிச் சேவை உண்டு. அதற்கான விவரங்களைக் கிளையில் கேட்டறியலாம். நேரில் வந்தே ஆகவேண்டிய பணிகளுக்குக் காலை வேளையைத் தேர்ந்தெடுங்கள்.