தாத்தாவின் டபுள் பேரல்... நீங்களே ‘கஸ்டமைஸ்’ செய்யலாமா?

ராத்திரி 12 மணிக்கு யூடியூப்பில் அந்த வீடியோ கண்ணில் படும். அமெரிக்காவில் ஒருத்தர் தன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து, பழைய ஷாட்கன் ஒன்றைப் பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார். குழலை வெட்டுவார், கட்டையை மாற்றுவார், கறுப்புப் பூச்சு அடிப்பார். கடைசியில், ‘எல்லாம் சட்டப்படி பதிவு செய்ததுதான்’ என்று சிரிப்பார். பார்க்கிறவர்களுக்கு உடனே ஒரு ஆசை வரும்: “நம்ம வீட்லயும் தாத்தா வெச்சிருந்த டபுள் பேரல் இருக்கே... ட்ரை பண்ணா என்ன?”

சேத்தியாத்தோப்பு, புவனகிரி, நெய்வேலி வட்டாரத்தில் இதைச் சும்மா பேச்சு என்று தள்ளிவிட முடியாது. வெள்ளாறும் வீராணமும் நனைக்கிற விவசாய பூமி இது. இந்த மாதிரி ஊர்களில் காவலுக்கென்று முறையாக உரிமம் வாங்கிய துப்பாக்கி, பழைய வீடுகளில் இன்றும் இருக்கலாம். பக்கத்திலேயே நிலக்கரிச் சுரங்கமும் சர்க்கரை ஆலையும் இருப்பதால் ஃபிட்டர், டர்னர், வெல்டர் படித்த கைகளுக்கும் பஞ்சமில்லை. லேத் பட்டறை கூப்பிடு தூரம்தான். துப்பாக்கியும் இருக்கு, கைவேலையும் தெரியும். ஆனால், சட்டம் என்ன சொல்கிறது?

குழலில் கை வைத்தால் குற்றம்

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, துப்பாக்கி தயாரிப்பதற்கு மட்டுமல்ல, அதை மாற்றுவதற்கும், பழுது பார்ப்பதற்கும், சோதிப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்கிறது. உங்கள் கையில் இருப்பது ‘வைத்துக்கொள்ளும்’ உரிமம். ‘வேலை செய்யும்’ உரிமம் வேறு. கார் ஓட்டும் லைசென்ஸை வைத்துக்கொண்டு கார் தொழிற்சாலை நடத்த முடியாதில்லையா, அதேதான்.

6-வது பிரிவு இன்னும் கறார். உரிமம் இல்லாமல் யாரும் குழலின் நீளத்தைக் குறைக்கக் கூடாது, பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக்கக் கூடாது. 2019-ல் வந்த திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் இதில் சேர்த்துவிட்டது. தண்டனையும் ஏறியது. முன்பு 3 முதல் 7 ஆண்டு. இப்போது குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. வெட்டச் சொன்னவர் மட்டுமல்ல, ‘தெரிஞ்ச பையன்தானே’ என்று வெட்டிக் கொடுத்த லேத்காரரும் மாட்டுவார். 500 ரூபாய் கூலிக்கு ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும்.

இதில் முக்கியமான எண் 20 அங்குலம். குழலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்கும் துப்பாக்கிதான் ஷாட்கன். அதன் குழல் 20 அங்குலத்துக்குக் குறைந்தால், அது சாதாரண உரிமத்தில் அடங்காத, கட்டுப்படுத்தப்பட்ட வகைக்குப் போய்விடும். அமெரிக்காவிலும் இப்படி ஒரு கோடு உண்டு. அங்கே 18 அங்குலம். அதற்குக் கீழே போனால் 1934-ம் ஆண்டுச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வீடியோவில் ‘பதிவு செய்தது’ என்று அவர் சொல்வது அதைத்தான். அந்தப் பதிவு முறை நம் ஊரில் கிடையாது.

வெட்டினால் என்ன கெடும்?

சட்டத்தை விடுங்கள். குழலை வெட்டினால் துப்பாக்கியே கெட்டுப்போகும். ‘12 போர்’ என்கிறோமே, அதன் அர்த்தம் தெரியுமா? குழலின் வாய்க்குள் சரியாகப் பொருந்துகிற ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. குழலின் உள்விட்டம் கிட்டத்தட்ட 18.5 மில்லிமீட்டர். அந்தக் குழல் நுனியில் லேசாகச் சுருங்கும். அதற்கு ‘சோக்’ என்று பெயர். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது பைப் நுனியை விரலால் அழுத்துவோமே, ஏறக்குறைய அந்த மாதிரி வேலை. பறக்கும் ஈயக் குண்டுகளை அது சிதறவிடாமல் பிடித்து அனுப்புகிறது. ‘ஃபுல் சோக்’ இருந்தால், 40 கஜ தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 70 சதவிகிதக் குண்டுகள் விழும். சோக்கே இல்லாவிட்டால் சுமார் 40 சதவிகிதம்தான். நுனியை வெட்டினால் முதலில் போவது இந்தச் சோக். துப்பாக்கி பார்க்க மிரட்டலாக இருக்கும். குறி மட்டும் இருக்காது.

இன்னொரு ஆபத்து, மெருகேற்றுவது. துரு பிடித்த குழலை உப்புத்தாளால் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, புதுக் கறுப்பு அடிக்கலாம் என்று தோன்றும். தேய்க்கும்போது எண்ணும் முத்திரையும் அழிந்தால் தீர்ந்தது கதை. அடையாள எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அழித்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ‘நான் இல்லை’ என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

சரி, என்னதான் செய்யலாம்?

நிறைய செய்யலாம். சுத்தம் செய்வது, எண்ணெய் போடுவது, பத்திரமாக வைப்பது. பழைய துப்பாக்கிக்கு இதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

முதல் வேலை, துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பது. பிறகு பித்தளை பிரஷ், பழைய பருத்தித் துணி, துப்பாக்கிக்கென்றே விற்கும் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும். மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயை விரலில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்தால், தாத்தா காலத்து மர ரேகைகள் தானாக மேலே வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் ஈரம் அதிகம். தோல் உறைக்குள்ளேயே போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், உள்ளே துரு தின்னும். துப்பாக்கி பூட்டிய அலமாரியில், தோட்டா இன்னோர் இடத்தில்.

கட்டை தோளுக்குப் பொருந்தவில்லை, விசை தளர்ந்துவிட்டது, சோக் மாற்ற வேண்டும் என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும். உரிமப் புத்தகத்தோடு போய், கொடுக்கும்போதே ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மிகப் பழைய துப்பாக்கி என்றால் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: “இந்தக் குழல் இப்போதைய தோட்டாவைத் தாங்குமா?” கரிமருந்து காலத்துக் குழல்கள், புகையில்லா மருந்தின் அழுத்தத்தில் வெடித்துவிடக் கூடும்.

உண்மையான சிக்கல் பரணில் இருக்கிறது

கஸ்டமைஸ் கனவைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. தாத்தா இறந்துவிட்டார். உரிமம் அவர் பெயரில். துப்பாக்கி பரணில். வீட்டில் யாரும் யோசிக்கவில்லை. அந்தத் துப்பாக்கி இப்போது உரிமம் இல்லாத துப்பாக்கி. அதை வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

தீர்வு எளிது. 21-வது பிரிவு, தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. அங்கே இருக்கட்டும், பயப்பட வேண்டாம். வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்டு, மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். ஒருவர் வைத்துக்கொள்ளக் கூடியது இப்போது இரண்டே துப்பாக்கிகள், பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும்.

தாத்தா இன்னும் இருக்கிறாரா? அப்போ இன்னும் சுலபம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றிக்கொடுக்க விண்ணப்பிக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் உரிமப் புத்தகத்தைக் கேட்டு, காலாவதி தேதியை ஒரு தடவை பாருங்கள்.

உரிமம் கிடைத்துவிட்டது என்று வீராணத்தில் இறங்கும் பறவைகளையோ, வயலுக்கு வரும் காட்டுப்பன்றியையோ சுடக் கிளம்பாதீர்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காத்திருக்கிறது. கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுட்டாலும் 2 ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆசை இருந்தால் வழி இருக்கு

ஷாட்கன் மேல் உண்மையிலேயே காதல் என்றால், ‘ட்ராப்’ விளையாட்டைப் பாருங்கள். 110 மில்லிமீட்டர் அகல மண் தட்டு வானில் பறக்கும், அது தரையைத் தொடும் முன் உடைக்க வேண்டும். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் இதே விளையாட்டில் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணியோடு தங்கம் வென்றவர், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் ஆடியவர். இந்த விளையாட்டில்தான் கஸ்டமைஸ் என்ற சொல்லுக்கு முழு அர்த்தம். கட்டையின் நீளம், கன்னம் படும் இடத்தின் உயரம், சோக் என எல்லாமே ஆட்டக்காரரின் உடம்புக்கு அளவெடுத்து அமையும். தையற்காரர் சட்டை தைப்பதுபோல. அங்கேயும் துப்பாக்கியில் கைவைக்கிறவர் தொழில் தெரிந்த, உரிமம் உள்ள ஆள்தான்.

கைவேலை தெரிந்தவர்கள் மோட்டார் பைக்கைப் பிரியுங்கள், பம்ப்செட்டைப் பிரியுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். தாத்தாவின் துப்பாக்கிக்கு மட்டும் எண்ணெய்த் துணியும் செல்லுபடியாகும் உரிமமும் போதும்.