முந்திரித் தோப்பில் வீணாகும் பழம்

அழையாத இடத்தில் முந்திக்கொண்டு பேசுபவனை ‘முந்திரிக்கொட்டை’ என்று கேலி செய்வது நம் நாட்டு வழக்கம். மற்றக் கனிகள் தம் வித்தை உள்ளே மறைத்து வைக்க, இதன் கொட்டை மாத்திரம் பழத்திற்கு வெளியே தலை நீட்டிக்கொண்டிருப்பதே இக்கேலிக்குக் காரணமாகும். முந்திக்கொண்ட அக்கொட்டை சந்தைக்குச் சென்று நல்ல விலை பெறுகிறது. அதைத் தாங்கி நின்ற பழமோ தோப்பிலேயே மண்ணோடு மண்ணாகிறது. அப்பழத்தைப் பற்றி அங்கத்தினர்களின் கவனத்திற்குச் சில கொண்டுவர விரும்புகிறோம்.

அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை ஆகிய வட்டாரங்களின் செம்மண் மேடுகளில் முந்திரி செழித்து வளர்கிறது. பங்குனி, சித்திரை மாதங்களில் சங்கத் தணிக்கைக்காக அப்பக்கம் செல்பவர் எவரும், மரத்தடியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழங்கள் அழுகிக் கிடப்பதைக் காணலாம். கொட்டையைத் திருகி எடுத்தபின் பழத்தை எறிந்துவிடுவதே வழக்கமாயுள்ளது. கொட்டையிலோ ஒன்றும் வீணாவதில்லை. பருப்பு உணவாகிறது, ஓட்டிலிருந்து வடிக்கும் எண்ணெய் வர்ணத் தொழிலுக்கும், மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டைகளுக்கும் பயன்படுகிறது. எடையில் கொட்டையைப் போல் ஐந்து மடங்கிற்குக் குறையாத பழம் மட்டும் கணக்கில் வருவதில்லை. 100 கிலோ கொட்டை விற்கும் குடியானவர், 500 கிலோவுக்கு மேற்பட்ட பழத்தைக் கைவிடுகிறார் என்பது இதன் பொருள்.

சத்தில் இது குறைந்த கனி அன்று. இதிலுள்ள வைட்டமின் ‘சி’ ஆரஞ்சில் உள்ளதைப் போல் பல மடங்கு என்பர் அறிஞர். அங்ஙனமாயின் மக்கள் இதை ஒதுக்குவானேன்? காரணங்கள் மூன்று. முதலாவது, தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு. இரண்டாவது, பறித்த மறுநாளே பழம் கெடத் தொடங்குவது. மூன்றாவது, தானே உதிர்ந்தபின் பொறுக்குவதால் பழம் நசுங்கி மண் படிவது. சிறுவர்கள் உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்பதோடு இதன் உபயோகம் முடிந்துவிடுகிறது.

பிற நாட்டார் தம் கனிகளை எவ்வாறு போற்றுகின்றனர் என்பதை இங்கு நோக்குதல் நலம். பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் முந்திரி உண்டு. பிரேசில் நாட்டிற்குரிய இம்மரத்தை நமக்குப் போர்த்துக்கீசியரும் அவர்களுக்கு ஸ்பானியரும் கொணர்ந்தனர். அங்கு ‘கசுய்’ எனப்படும் இது பலவான் தீவில் மிகுதியாக விளைகிறது. மாங்கனியை அவர்கள் ‘மங்கா’ என்கின்றனர். நம் ‘மாங்காய்’ கடல் கடந்து சென்ற கதை அது. விரைவில் அழுகும் அம்மாம்பழத்தை ஸெபு நகரத்தார் சீவி, பாகிட்டு உலர்த்திப் பல நாடுகளுக்கு அனுப்புகின்றனர். பலாக்காயைத் தேங்காய்ப்பாலில் சமைத்து உண்கின்றனர். புளியங்காயால் ‘சினிகாங்’ என்னும் புளிப்புச் சாறு வைக்கின்றனர்.

நம் நெசவாள அன்பர்கள் மகிழத்தக்க செய்தியும் ஒன்று உண்டு. அந்நாட்டு அக்லான் மாகாணத்தில் அன்னாசி இலையைச் சுரண்டி நாரெடுத்து, நாரோடு நாரை முடிந்து இழையாக்கி, கைத்தறியில் ‘பின்யா’ என்னும் மெல்லிய துணி நெய்கின்றனர். ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2023-ஆம் ஆண்டில் இந்நெசவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. குடியானவர் கழித்த இலை, நெசவாளர் கையில் ஆடையாயிற்று!

முந்திரிப் பழத்தின் துவர்ப்பைப் போக்கும் வழியும் எளியதே. மரத்திலிருந்து பறித்த நல்ல பழத்தைக் கழுவிப் பிழிந்து, சாற்றில் ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சியைச் சிறிதளவு கலந்து வைத்தால், துவர்ப்புப் பொருள் கஞ்சியோடு சேர்ந்து அடியில் படியும். மேலே தெளிந்த சாற்றை இறுத்து, சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சினால் பானகத்திற்கேற்ற பாகு கிட்டும். கேரளத்தில் மாடக்கத்தறை முந்திரி ஆராய்ச்சி நிலையத்தார் இப்பழத்தைக் கொண்டு பாகு, ஜாம், மிட்டாய் முதலியன செய்து காட்டியுள்ளனர். நமக்கு அண்மையில் விருத்தாசலத்திலும் முந்திரி ஆராய்ச்சி நடைபெறும் வேளாண் பல்கலைக்கழக நிலையம் உண்டு.

எனினும் எச்சரிக்கையும் வேண்டும். கோவாவில் இச்சாற்றைப் புளிக்கவைத்து ‘பென்னி’ என்னும் மது வடிக்கின்றனர். அதற்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் மாநிலத்து மதுவிலக்குச் சட்டம் அனுமதியின்றி மது வடிப்பதைக் குற்றமாக்குகிறது. ஆதலால் அது நம் வழியன்று. சாறு தானே புளிக்கும் இயல்புடையது. பிழிந்த அன்றே காய்ச்சிவிடுதல் அவசியம். விற்பனைக்குச் செய்வோர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவும் பெறவேண்டும்.

பழம் ஒரு நாள் தாங்காது. தனி ஒருவர் தோப்பிலிருந்து ஒரு நாளில் கிட்டுவதோ சொற்பம். ஆகவே இது தனி ஒருவரால் ஆகும் காரியமன்று. நூலைத் தனித்தனியே வாங்கி நஷ்டப்பட்ட நெசவாளர் சங்கமாகச் சேர்ந்து வாங்கித் தலைநிமிர்ந்ததை நாம் அறிவோம். அம்முறையே இங்கும் பொருந்தும். அண்டைத் தோப்புக்காரர் பத்துப்பேர் சேர்ந்து, காலையில் பறித்ததை நடுப்பகலுக்குள் ஓரிடத்தில் சேர்ப்பிக்கலாம். முதல் பருவத்தில் பெரிய யந்திரம் எதுவும் வேண்டா. கடன் வாங்கிக் கட்டிடம் எழுப்பவும் வேண்டா. சிறிய பிழிபொறி ஒன்றும், சுத்தமான பாத்திரங்களும், ஒழுங்கான வரவு செலவுப் புத்தகமும் போதும். பறிகூலி, சர்க்கரை, புட்டி, விறகு ஆகிய செலவுகளைக் கழித்து எஞ்சுவது என்ன என்பதை அப்புத்தகமே சொல்லும். லாபம் தெரிந்தபின் விரிவாக்கலாம். தெரியாவிடில் இழப்பு சிறிதோடு நிற்கும்.

அடுத்த மாசி மாதப் பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைத்து விவாதிக்குமாறு முந்திரி வட்டாரச் சங்கத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம். பூ உதிர்ந்து காய் கட்டும் சமயத்தில் பேசி முடித்தால்தான், பழம் பழுக்கும் பொழுது கூடைகள் தயாராக இருக்கும்.